காசநோயும் பாலினமும்: மருத்துவ வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும்? (கேள்வி பதில்)

கேள்வி (எம்.பி.பி.எஸ். மாணவி): காசநோய் ஆண்களுக்குத்தானே அதிகம்? பிறகு ஏன் பாலினம் என்று தனியாகப் படிக்கச் சொல்கிறார்கள்?

ஆண்களுக்கு அதிகம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் புதிதாகக் காசநோய் கண்ட சுமார் 1 கோடியே 8 லட்சம் பேரில் ஆண்கள் 55 சதவீதம், பெண்கள் 33 சதவீதம், மீதி 12 சதவீதம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும். அந்த 33 சதவீதம் என்பதே சுமார் 36 லட்சம் பெண்கள்.

பாலினம் என்றதும் பெண்களைப் பற்றிய பாடம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வீடுவீடாக நடந்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. சமூகத்தில் கிருமி உறுதியான காசநோய் ஆண்களிடம் பெண்களைவிட 2.2 மடங்கு இருந்தது. ஆனால் அரசுப் பதிவேடுகளில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் பதிவேட்டுக்கு வராமல் விடுபடுகிறவர்களில் ஆண்கள் அதிகம். கூலி போய்விடும், பகல் நேர ஓ.பி.க்கு வர முடியாது, இருமலைப் புகைபிடிப்பதன் மேல் போட்டுவிடலாம். இதுவும் பாலினப் பாடம்தான்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): பெண்கள் தாமதமாக வருவதற்குக் கூச்சமும் ஊரார் பேச்சுக்குப் பயமும்தானே காரணம்? இதில் மருத்துவக் கல்வி என்ன செய்ய முடியும்?

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவை வியட்நாம் ஆய்வுகள். நுயென் ஹோவாங் லோங் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவ சேவையை அடைந்த பிறகு நோய் கண்டறியப்படும் வரை ஆன காலம் பெண்களுக்குச் சராசரியாக 5.4 வாரம், ஆண்களுக்கு 3.8 வாரம். இது நோயாளி வீட்டில் இருந்த காலம் அல்ல. மருத்துவர் கையில் இருந்த காலம்.

சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் அன்னா தோர்சன் வியட்நாமிலேயே இதைத் தொடர்ந்தார். 2004இல் வெளியான மக்கள்தொகை ஆய்வில், சமூகத்தில் இருக்கும் பெண் நோயாளிகளில் கண்டறியப்படும் பங்கு ஆண்களைவிடக் குறைவு என்று தெரிந்தது. இன்னொரு ஆய்வில், பெண்களுக்கு ஏன் தாமதமாகிறது என்று மருத்துவர்களிடமே கேட்டு அவர்கள் சொன்ன விளக்கங்களை ஆராய்ந்தார். மருத்துவக் கல்விக்கு எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. நோயாளியின் கூச்சத்தை வகுப்பறையில் மாற்ற முடியாது, மருத்துவரின் பழக்கத்தை மாற்ற முடியும்.

அந்த ஆய்வுகளில் இருமல், சளி, ரத்தம் கக்குதல் ஆகிய அறிகுறிகளைப் பெண்கள் குறைவாகவே சொன்னார்கள். பாடப்புத்தக நோயாளி என்று மனதில் பதிந்திருப்பவரோ ரத்தம் கக்குகிற நடுத்தர வயது ஆண். களைப்பு, மெலிவு, லேசான காய்ச்சல் என்று வரும் பெண்ணுக்கு ரத்தசோகை மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

வியட்நாம் முடிவை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் திருவள்ளூர் மாவட்டத்தில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், அரசு மையத்துக்கு வருவதிலும் சிகிச்சையை முடிப்பதிலும் பெண்கள் ஆண்களைவிட முன்னே இருந்தார்கள். ஆனால் நோயை வீட்டில் சொல்லத் தயங்கியவர்களும், மாத்திரை வாங்கத் துணை தேவைப்பட்டவர்களும் பெண்களில்தான் அதிகம்.

கேள்வி (செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்): சளி டப்பாவைக் கொடுத்தால் பல பெண்கள் எச்சிலைத்தான் கொண்டுவருகிறார்கள். என்ன செய்வது?

இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த சோதனை 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சளி எப்படி எடுப்பது என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்த பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது. சொல்லாதவர்களில் 8 சதவீதம். ஆண்களிடம் வித்தியாசம் இல்லை. எச்சில் மாதிரி குறைந்தது, மறுநாள் காலைச் சளியோடு திரும்பி வந்த பெண்களும் கூடினார்கள். புதுக் கருவி இல்லை, புது மருந்து இல்லை.

செய்யும் முறை: டப்பாவின் மேல், மூடியில் அல்ல, பெயரும் எண்ணும் எழுதுங்கள். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துச் சில விநாடி நிறுத்தி மெதுவாக விடட்டும். இரண்டு மூன்று முறை செய்த பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இருமி, டப்பாவை உதட்டோடு ஒட்டிப் பிடித்துத் துப்ப வேண்டும். குறைந்தது 2 மில்லி வேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ கோழையாகவோ இருந்தால் நல்லது. தெளிவாக நுரைத்து நின்றால் எச்சில். திட்டாமல் மறுபடி கேளுங்கள். மறுநாள் தூங்கி எழுந்ததும் எடுக்கும் சளிதான் பலன் அதிகம் தரும்.

இடம் பெரிய விஷயம். வரிசையில் நிற்கும் ஆண்கள் முன்னால் காறித் துப்பச் சொன்னால் எச்சில்தான் வரும். கழிப்பறைக்குள் அனுப்புவதும் தவறு, அங்கே காற்றோட்டம் இல்லை. கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில், ஒரு தட்டியோ திரையோ வைத்து மறைத்தால் போதும். நீங்களே ஒருமுறை மூச்சிழுத்து இருமிக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது எளிதில் புரியும். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் வந்துவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள். டப்பாவில் எச்சில் இருந்தால் எந்தக் கருவியும் ஏமாறும்.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்): கர்ப்பிணிகளிடம் எதைத் தவறவிடுகிறோம்?

எடையை. காசநோயைச் சந்தேகிக்க வழக்கமாகக் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்று எடை குறைந்ததா என்பது. கர்ப்பிணியிடம் எடை குறையாமல், கூடவேண்டிய அளவு கூடாமல் மட்டும் நிற்கலாம். தாய் சேய் அட்டையில் தொடர்ந்து எடை ஏறாமலிருந்தால் இருமலைப் பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் வயிற்றை மறைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாம். கர்ப்பம் என்பதற்காகத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. பிரசவத்தோடு கண்காணிப்பை நிறுத்தவும் கூடாது. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு மாதத்தில் நோய் ஏறக்குறைய இரு மடங்காகக் கூடியது. குழந்தையின் தடுப்பூசி நாளில் தாயிடமும் இருமலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம்.

காசநோய் மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் கர்ப்பத்தில் கொடுக்கலாம், பைரிடாக்சினும் (வைட்டமின் பி6) சேர்த்து. ஸ்ட்ரெப்டோமைசின் கூடாது, குழந்தையின் காது கெடும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணிடம் ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும் என்று சொல்லியே ஆகவேண்டும். கல்லீரல் அந்த ஹார்மோனை வேகமாக உடைத்துவிடும். காப்பர் டி அல்லது ஆணுறைக்கு மாற்றுங்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் நான்கு வாரம் அதே ஏற்பாடு தொடரட்டும்.

கேள்வி (சமூக மருத்துவப் பேராசிரியர்): பாடத்திட்டத்தில் நேரமே இல்லை. பாலினத்துக்குத் தனி வகுப்பு எங்கே வைப்பது?

தனி வகுப்பு வேண்டாம். தனியாக வைத்தால் தேர்வுக்கு வராத பாடம் என்று மாணவர் ஒதுக்கிவிடுவார். மும்பையின் செஹாத் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு மகாராஷ்டிர மருத்துவக் கல்வித் துறையோடும் அங்கத்திய சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து செய்த முயற்சி நல்ல வழி: சமூக மருத்துவம், பொது மருத்துவம், மகப்பேறு, தடயவியல், மனநலம் ஆகிய ஐந்து துறைகளின் பாடங்களுக்குள்ளேயே பாலினப் பார்வையைச் சேர்த்தார்கள்.

காசநோய் வகுப்பில் ஒரு மணி நேரம் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். பத்து வரியில் ஒரு நோயாளிக் குறிப்பு: 34 வயது, ஐந்து வாரக் களைப்பு, மூன்று வார இருமல், எடைக் குறைவு. பாதித் தாளில் ஆண், பாதித் தாளில் பெண். மற்றதில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. கலந்து கொடுத்து, "முதலில் எழுதும் மூன்று பரிசோதனைகள் எவை?" என்று பத்து நிமிடம் எழுத விடுங்கள். தாள்களைப் பிரித்து, சளி கேட்டவர் எத்தனை, ஹீமோகுளோபினோடு நின்றவர் எத்தனை என்று பலகையில் எழுதுங்கள். வகுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. பக்கத்தில் உள்ளவர் தாளைப் பார்த்துவிட்டால் எல்லாம் வீண், இடம் விட்டு உட்காரவையுங்கள். வித்தியாசம் வராமலும் போகலாம், அதையும் உள்ளபடி சொல்லுங்கள். செய்முறைத் தேர்வில் ஒரு மேசையில் சளி எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நிமிடத்தை வையுங்கள். மதிப்பெண் இருந்தால் கற்பார்கள்.

கேள்வி (முதுநிலை மாணவர்): தாமதம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். எங்கே சறுக்கும்?

நாளைக் கணக்கிடுவதில். நோயாளித் தாமதம் என்பது அறிகுறி தொடங்கியதிலிருந்து முதன்முதலாக ஏதேனும் ஒரு மருத்துவரிடம் போனது வரை. மருத்துவத் தாமதம் என்பது அதிலிருந்து நோய் உறுதியாகும் வரை. "இந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டீர்களானால், அதற்கு முன் அவர் ஏறி இறங்கிய தனியார் கிளினிக்குகள் எல்லாம் நோயாளியின் தாமதமாகப் பதிவாகிவிடும். மருத்துவர்கள் தவறவிட்ட வாரங்களுக்கு அந்தப் பெண் மேல் பழி விழும்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியதைத் தனியாகக் குறியுங்கள். தேதி நினைவில்லாதவர்களிடம் பொங்கல், ஆடி மாதம், பிள்ளைகளின் பரீட்சை என்று கேட்டு நெருங்கலாம். ஒன்றிரண்டு பேரின் நீண்ட தாமதம் சராசரியை இழுத்துவிடும், இடைநிலை மதிப்பையும் (மீடியன்) கொடுங்கள். கேட்கும்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தாரா என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். பதில் அதனால் மாறும்.

கேள்வி (காசநோய்க் களப்பணியாளர்): வீட்டில் தெரியக்கூடாது என்கிறார் ஒரு நோயாளி. வீட்டாரைப் பரிசோதிக்காமல் எப்படி விடுவது?

விட முடியாது. ஆனால் வீட்டு வாசலில் போய் நின்று சொல்வதற்கு முன் அவரோடு தனியாகப் பேசுங்கள். யாரிடம் முதலில் சொல்லலாம், அவரே சொல்கிறாரா, நீங்கள் கூட இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவான செல்போன் யாருடையது, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்றும் கேட்டு வையுங்கள். பல வீடுகளில் அது கணவரின் எண். 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாகிவிட்ட ஊட்டச்சத்து உதவித்தொகை எந்தக் கணக்குக்குப் போகிறது என்றும் பாருங்கள். அவர் பெயரில் கணக்கு இல்லையென்றால் சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே திறக்க உதவுங்கள்.