கர்ப்பிணியிடம் துணைவரின் வன்முறை பற்றிக் கேட்பது எப்படி?

கேள்வி: நர்சிங் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கர்ப்ப காலத்தில் கணவர் அல்லது துணைவர் செய்யும் வன்முறைக்கும் குழந்தையின் பிறப்பு எடைக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வுத் தலைப்பு. முன்னோட்டமாக, பரிசோதனைக்கு வந்த 20 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தேன். எல்லோருமே எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டார்கள். அதில் ஒருவர் தாளைத் திருப்பித் தரும்போது கை நடுங்கியது. கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எங்கே தவறு செய்கிறேன்? யாராவது 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதும் பயமாக இருக்கிறது.

பதில்: மீதிக் கேள்வித்தாள்களைக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் பெண் கணவர் கண் முன்னால் ஒரே ஒரு 'ஆமாம்' குறித்திருந்தால், அதற்கான விலையை அன்று இரவு வீட்டில் கொடுத்திருப்பார். கை நடுங்கியதைக் கவனித்திருக்கிறீர்கள். நல்ல நர்ஸுக்குரிய கண் அது. இனி அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி ஆய்வை மாற்றி அமைக்க வேண்டும்.

உங்களுக்கு வந்த 'இல்லை'களைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. நர்சிங் ஆய்வாளர் ஜூடித் மெக்ஃபார்லேனும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் இதையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெண்களே படிவத்தில் குறித்தபோது வன்முறை உண்டு என்றவர்கள் 100-க்கு 7, 8 பேர். நர்ஸ் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டபோது 100-க்கு 29 பேர். படிவத்திடம் பலர் மனம் திறப்பதில்லை. அடுத்த ஆண்டு அவரும் பார்பரா பார்க்கரும் வெளியிட்ட ஆய்வில், ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களில் 691 கர்ப்பிணிகளிடம் கேட்டார்கள். ஆறில் ஒருவர் அந்தக் கர்ப்பத்திலேயே அடிபட்டிருந்தார். அடிபட்டவர்கள் முதல் பரிசோதனைக்கே கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் வருவது மற்றவர்களைவிட இரு மடங்கு. ஆகவே தாமதமாக வந்து பெயர் பதிகிறவரைக் கடிந்துகொள்ளும் முன் ஏன் தாமதம் என்று ஒரு கணம் யோசியுங்கள். அவரை வெளியே விடாமல் வைத்திருந்தது யாரோ?

முதல் தேவை தனிமை. 'கணவர் வெளியே இருங்கள்' என்று ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வரும். எந்தப் பெண் வந்தாலும் எடை பார்க்கும்போதும் சிறுநீர் மாதிரி கொடுக்கும்போதும் தனியாகத்தான் இருப்பார் என்பதைப் பிரிவின் விதியாகவே ஆக்கிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மொழிபெயர்க்க உறவினரை நிறுத்தவே கூடாது. நடுவில் யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற, தாய்ப்பால் பற்றியோ இரும்புச்சத்து மாத்திரை பற்றியோ இன்னொரு கேள்வித்தாள் மேலே தயாராக இருக்கட்டும். ஆய்வின் பெயரிலும் 'வன்முறை' என்ற சொல் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வே வெளியில் 'பெண்களின் உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும்' என்ற பெயரில்தான் போயிற்று. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி.

அடுத்தது சொற்கள். 'உங்களுக்கு வன்கொடுமை நடக்கிறதா?' என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். தனக்கு நடப்பதற்கு அந்தப் பெயர் உண்டு என்றே பலர் நினைப்பதில்லை. செயலைச் சொல்லிக் கேளுங்கள்: 'கர்ப்பமான பிறகு யாராவது உங்களை அடித்தார்களா, அறைந்தார்களா, உதைத்தார்களா?', 'விருப்பமில்லாதபோது உறவுக்குக் கட்டாயப்படுத்தினார்களா?', 'வீட்டில் யாரைக் கண்டாவது பயமாக இருக்கிறதா?' மெக்ஃபார்லேனும் பார்க்கரும் உருவாக்கிய குறுகிய கேள்விக்கருவி இந்தப் போக்கில்தான் கேட்கிறது. எங்கே அடிபட்டது என்று குறிக்க அதில் ஓர் உடல் வரைபடமும் உண்டு. கேட்பதற்கு முன் 'இங்கே வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கிறோம்' என்று சொல்லுங்கள். சட்டப்படி நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டிய சூழல் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஒரு முறை 'இல்லை' என்றவரிடம் மறுபடியும் கேட்க வேண்டும். என்னிடம் மூன்று முறை தலையாட்டி மறுத்த ஒரு பெண், எட்டாம் மாதத்தில் சிறுநீர்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கழிவறைக் கதவைப் பாதி திறந்தபடி நின்று, 'போன தடவை கேட்டீர்களே, அதை இன்னொரு தரம் கேட்பீர்களா?' என்றார். அன்று நான் கேட்காமல் விட்டிருந்தால் அவர் தானாகச் சொல்லியிருக்க மாட்டார்.

'ஆமாம்' வந்தால் செய்ய வேண்டியதை உலக சுகாதார நிறுவனம் நர்ஸுகளுக்கு எளிமையாகச் சொல்லித்தருகிறது. குறுக்கிடாமல் கேட்பது, இப்போது என்ன தேவை என்று விசாரிப்பது, நம்புகிறேன் என்று உணர்த்துவது, பாதுகாப்புக்கு வழி பார்ப்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது. 'ஏன் இன்னும் அவரோடு இருக்கிறாய்?' என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. விட்டுப் போகச் சொல்லி அறிவுரையும் வேண்டாம். பிரியும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம்.

ஆபத்தை எடைபோடத் தனிக் கருவி இருக்கிறது. நர்சிங் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-இல் உருவாக்கி, பின்னர் செம்மைப்படுத்தியது. அடிவாங்கிய நாட்களைக் காலண்டரில் குறிக்கச் சொல்லிவிட்டு 20 கேள்விகள் கேட்கிறது. முழுவதும் கேட்க நேரமில்லாவிட்டாலும், கொல்வதாக மிரட்டினாரா, ஆயுதம் கைக்கெட்டுகிறதா, கழுத்தை நெரித்தாரா என்பவற்றைக் கேட்காமல் விடாதீர்கள். கழுத்தை நெரித்த துணைவரால் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்று அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. தோலில் தழும்பே இல்லாமல் குரல் மட்டும் கம்மியிருக்கலாம், விழுங்கச் சிரமம் இருக்கலாம். அப்படி இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

கேட்டதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் கர்ப்பிணி அட்டையில் ஒருபோதும் எழுதாதீர்கள். அந்த அட்டை அலமாரியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். உள்பதிவேட்டில் அவர் சொன்ன சொற்களை அப்படியே மேற்கோளிட்டு எழுதுங்கள். 'சொல்லிக்கொள்கிறார்' என்பது போன்ற சந்தேகத் தொனி வேண்டாம். உதவி எண் கொடுக்கும்போதும் எழுதித் தருவது பாதுகாப்பா, மனப்பாடமா என்று அவரிடமே கேளுங்கள். தொலைபேசியில் தொடர்புகொள்ளலாமா, எந்த நேரத்தில் என்பதையும்.

பிறப்பு எடைக்கு வருகிறேன். தலைப்பு சரியானதுதான். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் ஆய்வுகளைத் தொகுத்தபோது, துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16% கூடுதல் என்று கண்டது. வயிற்றில் விழும் அடியால் நஞ்சுக்கொடி பிரியலாம். ஆனால் அது ஒரு வழி மட்டுமே. ஓயாத பயம், மனச்சோர்வு, சரியாகச் சாப்பிட முடியாமை, பரிசோதனைக்கு விடாமை எல்லாம் சேர்ந்து குழந்தையின் எடையைத் தின்கின்றன. எனவே பதிவேட்டிலிருந்து எடையை மட்டும் எடுக்காமல் வயது, ரத்தசோகை, புகைப்பழக்கம், முதல் பரிசோதனை எந்த வாரம் என்பவற்றையும் சேர்த்து எடுங்கள். ஒரே தடவை கேட்டு முடிக்கும் ஆய்வில் 'தொடர்பு இருக்கிறது' என்று எழுதலாம், 'காரணம்' என்று எழுத முடியாது.

நர்ஸ் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நெறிமுறைக் குழுவில் யாராவது சொன்னால் அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் ஃபிலிஸ் ஷார்ப்ஸ் குழுவின் 2016 ஆய்வைக் காட்டுங்கள். வீடு தேடிச் செல்லும் நர்ஸுகள், கர்ப்ப காலத்திலிருந்தே ஒரு சிறு கையேட்டை வைத்துக்கொண்டு பாதுகாப்புப் பற்றிப் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் மீதான வன்முறை அதிகமாகக் குறைந்திருந்தது.

ஆக, தனி அறை, பயிற்சி, பரிந்துரைக்க ஓர் ஆலோசகர் என்ற மூன்றும் கையில் வந்த பிறகு மீண்டும் தொடங்குங்கள். நான்காவதாக உங்களுக்கும் ஒருவர் வேண்டும். முதல் சில நேர்காணல்கள் முடிந்த அன்றே மாலையில் வழிகாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். கேட்டதெல்லாம் இரவில் உங்கள் தூக்கத்துக்குள் வரும். உங்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருந்தால் இன்னும் கனமாக வரும். அதை வழிகாட்டியிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.