துருத்தி கிழிந்தால் படகு தாழும்
வாசகர் கேள்வி–பதில்: பழைய ஸ்டெர்ன்டிரைவைச் சீராக்குதல்

ஏரிப் படகு வைத்திருக்கும் ஒன்ராறியோ வாசகர்கள் ஸ்டெர்ன்டிரைவ் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எஞ்சின் படகுக்குள்ளும், கியரும் விசிறியும் பின்பலகைக்கு வெளியே தண்ணீரிலும் இருக்கும் அமைப்பைத்தான் ஸ்டெர்ன்டிரைவ் என்கிறோம்.

கேள்வி: 1988-ஆம் ஆண்டின் 19 அடிப் படகு ஒன்றை மலிவாக வாங்கினேன். 4 சிலிண்டர் மெர்குரூசர் எஞ்சின், ஆல்ஃபா ஒன் டிரைவ். 6 வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். எஞ்சின் ஓடுகிறது. டிரைவில் பெயின்ட் முழுக்க உரிந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: பெயின்ட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது கடைசி வேலை. உங்கள் படகின் பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் எஞ்சினின் சுழற்சி டிரைவுக்குப் போகிறது. டிரைவ் இடம் வலம் திரும்ப வேண்டும், மேலே கீழே அசையவும் வேண்டும் என்பதால் அங்கே இரும்புக் குழாய் போட முடியாது. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் பெல்லோஸ்தான் ஏரித் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. 1959-இல் வால்வோ பென்டா தன் அக்வாமேட்டிக்கை வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை இந்த வகை டிரைவுகளுக்குப் பலவீனமான இடம் அதுதான். 6 வருடம் கிடந்த ரப்பரை நம்பித் தண்ணீரில் இறக்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

முதலில் உங்களுடையது எந்தத் தலைமுறை என்று உறுதி செய்யுங்கள். 1991-இல் ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறை வந்தது. 1988 என்றால் முதல் தலைமுறையாக இருக்க வேண்டும், ஆனால் இடையில் யாராவது டிரைவை மாற்றியிருக்கலாம். டிரைவின் மேல்பாகத்திலும் பின்பலகைத் தொகுதியிலும் உள்ள சீரியல் எண்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு போய் கிட் வாங்குங்கள். இரு தலைமுறைக்கும் பெல்லோஸ் கிட் வேறு, தண்ணீர் பம்ப் கிட்டும் வேறு.

டிரைவைக் கழற்றும் முன் கியரை முன்னோக்கிய நிலையில் போடுங்கள். ஆல்ஃபாவில் இது கட்டாயம். அந்த நிலையில்தான் கியர் மாற்றும் இணைப்பு நேராக நின்று வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நியூட்ரலில் வைத்து இழுத்தால் இணைப்பு வளையும். டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனைப் பின்னைக் கழற்றி, சிலிண்டர்களைத் தொங்கவிடாமல் கட்டி வையுங்கள். பிறகு சுற்றிலும் உள்ள 6 நட்டுகள். 5/8 அங்குல ஸ்பானர் போதும். டிரைவை ஒருவர் தூக்க முடியாது. கீழே சக்கரப் பலகையோ மேலே செயின் பிளாக்கோ வைத்து, நேராகப் பின்னால் இழுங்கள். வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பாதீர்கள். அலுமினிய விளிம்பு நெளிந்தால் அதன்பின் தண்ணீர் அடைக்காது. ஷாஃப்ட் பேரிங்கோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, இடம் வலமாக அசைத்து அசைத்து இழுங்கள்.

கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பெல்லோஸின் உட்புறம் உலர்ந்து கறுப்பாக இருந்தால் நல்லது. செந்துரு படிந்த ஈரம் இருந்தால் தண்ணீர் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. மடிப்புகளின் பள்ளத்தைக் கட்டைவிரலால் பிரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும், மேடுகளில் தெரியாது. அடுத்து, ஷாஃப்டை மடங்க விடும் மூட்டுகளான யூ-ஜாயின்ட்டுகளை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஓர் இடத்தில் சிக்கினாலும் அதன் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸை மாற்ற வேண்டும். பின்பலகைக்குள் ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஓட்டும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மாட்டுவண்டிச் சக்கரம் போல உறுமுகிற சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெல்லோஸை ஒழுங்காக மாற்ற, டிரைவைப் பிடித்திருக்கும் அசையும் கூடான பெல் ஹவுசிங்கைக் கழற்றியாக வேண்டும். அதன் இரு கீல் பின்களுக்குத் தனிக் கருவி உண்டு. திருகுப் பசை போட்டு இறுக்கப்பட்டவை என்பதால் சூடு காட்டினால் எளிதாக இளகும். வேறு கருவியை வைத்து முயன்று பின்னின் தலையைத் தேய்த்துவிட்டால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாளாகும். யூ-ஜாயின்ட் பெல்லோஸ், புகைபோக்கி பெல்லோஸ், கியர் கேபிள் பெல்லோஸ், தண்ணீர் ஹோஸ் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இவற்றில் ஒன்றுக்காக அடுத்த ஆண்டு மீண்டும் இதே பாடு பட வேண்டாம். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பெல்லோஸுக்கான பசையை இரு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து பொருத்துங்கள். சாதாரண சிலிக்கோன் இங்கே கூடாது. கிளாம்பின் திருகு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். அதன்படியே வையுங்கள். தப்பாக வைத்தால் டிரைவ் திரும்பும்போது அந்தத் திருகே பக்கத்து ரப்பரைக் கிழிக்கும்.

கிம்பல் பேரிங்கை மூன்று கால் புல்லரும் ஸ்லைடு ஹாமரும் கொண்டு இழுத்து எடுக்கலாம். பின்னாலுள்ள ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். கிரீஸ் அடிக்கும் வகை பேரிங் என்றால், அதைச் சுற்றியுள்ள வளையத்தின் பிளவும் பேரிங்கின் கிரீஸ் துளையும் ஹவுசிங்கின் கிரீஸ் வழிக்கு நேராக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் அடித்து இறக்கிவிட்டால், வருடம் முழுக்க நீங்கள் அடிக்கும் கிரீஸ் பேரிங்குக்குள் போகவே போகாது.

கடைசியாக அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் டிரைவ் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். அலைன்மென்ட் பார் என்ற நீண்ட இரும்புத் தண்டைக் கடைகளில் வாடகைக்கும் தருவார்கள். அதன் முனையில் கிரீஸ் தடவி, பேரிங் வழியாக, எஞ்சினோடு ஷாஃப்டை இணைக்கும் கப்ளருக்குள் விடுங்கள். இரண்டு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். வெளியே இழுத்து, பற்கள் கிரீஸில் விட்ட தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருந்தால், எஞ்சினின் முன் மவுன்ட் நட்டுகள் இரண்டையும் ஒரே அளவு, அரைச் சுற்று அரைச் சுற்றாக நகர்த்திப் பாருங்கள். எஞ்சினைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் சோதியுங்கள். அலைன்மென்ட் தவறினால் கப்ளரின் பற்கள் தேயும், நடுவிலுள்ள ரப்பரும் பிய்யும். அப்போது எஞ்சின் அலறும், படகு நகராது, எரிந்த ரப்பர் வாடை வரும். கப்ளரை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டியிருக்கும்.

மாட்டும்போது ஷாஃப்டின் பற்களுக்குக் கப்ளர் கிரீஸ், ஓ-ரிங்குகளுக்குச் சாதாரண மெரைன் கிரீஸ். கியர் முன்னோக்கிய நிலையில் இருக்க, விசிறியை மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்தி டிரைவ் உள்ளே போகும். நட்டுகளை இழுத்து டிரைவை உள்ளே கொண்டுவராதீர்கள். அது தானாக உட்கார்ந்த பிறகே 6 நட்டுகளையும் குறுக்கு வரிசையில் 50 அடி-பவுண்டு (68 நியூட்டன் மீட்டர்) இறுக்குங்கள். இன்னொன்று: டிரைவ் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். உங்கள் எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் டிரைவுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: கியர் ஆயிலை வடித்தேன். பால் காப்பி நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றினால் போதுமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: போதாது. அந்த நிறம் தண்ணீர் கலந்ததன் அடையாளம். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் ஆயிலை மாற்றினால் 2 வாரத்தில் மறுபடியும் காப்பிதான். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து பனிக்காலம். கீழ்ப்பாகத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் அலுமினிய ஹவுசிங்கே வெடிக்கும்.

முதலில் வடிகால் திருகிலுள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல் மெல்லிய படிவு இருந்தால் இயல்பான தேய்மானம். இரு விரலுக்கிடையில் தேய்க்கும்போது செதில் செதிலாக நெருடினால் பேரிங்கோ கியரோ உடைந்துகொண்டிருக்கிறது, டிரைவைப் பிரித்தாக வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். ஆயிலை முழுக்க வடித்து, மேல் துளையில் கேஜ் உள்ள கைப்பம்பைப் பொருத்தி, 10 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். 15 நிமிடம் முள் இறங்கக் கூடாது. விசிறி ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள், கியர் ஷாஃப்டை அசைத்துப் பாருங்கள். சில சீல்கள் அசையும்போது மட்டும் கசியும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது விசிறிக்குப் பின்னால். தூண்டில் நைலான் நூல் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். சிம்கோ போல மீன்பிடிப்பவர்கள் மிகுந்த ஏரியில் ஓடிய படகென்றால் விசிறியைக் கழற்றியதும் அந்த நூல் சுருளாகக் கிடந்தால் வியக்க வேண்டாம். அடுத்து கியர் ஷாஃப்ட் சீல், யூ-ஜாயின்ட் பக்கத்து சீல், மேல்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடத்து ஓ-ரிங், பிறகு வடிகால் திருகுகளின் சிறு கேஸ்கெட்கள். சில்லறைக் காசு பெறும் இந்தக் கேஸ்கெட்டைப் பழையதையே திரும்பப் போட்டதால் தண்ணீர் புகுந்த டிரைவுகள் ஏராளம்.

ஆயிலை எப்போதும் கீழ்த் துளையிலிருந்து பம்ப் வைத்து மேல்நோக்கி ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கும். மேல் துளையில் குமிழியில்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகை மூடுங்கள். 2 லிட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து அளவை மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: மெதுவாக ஓடும்போது சூடு சரியாக இருக்கிறது. வேகம் எடுத்தால் முள் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் மாற்றியும் பலனில்லை.
– பேரி வாசகர்

பதில்: தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைச் சந்தேகியுங்கள். ஆல்ஃபாவில் அது கீழ்ப்பாகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப்பாகத்தை இறக்கினால்தான் கைக்கு வரும். விசிறிக்கு மேலுள்ள சிறு துடுப்பான டிரிம் டேப்பின் நிலையைக் கோடு போட்டுக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அதற்குள்ளே ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது. அதை மறந்துவிட்டு மற்ற நட்டுகளை எல்லாம் கழற்றி, கீழ்ப்பாகத்தை ரப்பர் சுத்தியால் அடிக்கிறவர்கள் உண்டு.

இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே எங்கோ போய் அடைத்திருக்கிறது. பவர் ஸ்டீயரிங் கூலர் இருந்தால் முதலில் அதன் வாயில் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். துண்டை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் சூடு குறையாது. பம்பின் உட்சுவரிலும் கீழ்த்தட்டிலும் நகத்தில் தட்டுப்படும் அளவு கீறல் இருந்தால் முழுக் கிட்டையே மாற்றுங்கள். மாட்டும்போது ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே ஹவுசிங்கை இறக்கினால் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். தரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டாம். சில நொடிகளிலேயே ரப்பர் கருகும்.

கேள்வி: துறைக்கு வந்து கியரிலிருந்து நியூட்ரலுக்கு இழுக்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டர் இரண்டு முறை கழுவியாயிற்று.
– ஓஷாவா வாசகர்

பதில்: கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். ஆல்ஃபாவின் கீழ்ப்பாகத்தில் கியர் கிளட்ச் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். எஞ்சின் இழுக்கும்போது அந்தப் பிடி விடாது. அதனால் நீங்கள் நெம்புகோலை இழுக்கும் கணத்தில் ஒரு சிறு சுவிட்ச் இக்னிஷனை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டிக்கிறது. பிடி தளர்ந்து கியர் நழுவியதும் சுவிட்ச் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். கீழ்க் கியர் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தால் சுவிட்ச் அழுந்தியபடியே நிற்கும், எஞ்சின் அணையும்.

எஞ்சின் மேலுள்ள கியர் தகட்டில் V வடிவப் பள்ளம் கொண்ட நெம்பியைப் பார்த்துக்கொண்டே, வேறொருவரை கியரை மாற்றச் சொல்லுங்கள். நெம்பி நடுவுக்கு உடனே திரும்பாவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. மேல் கேபிளைக் கழற்றிவிட்டுக் கீழ்க் கேபிளைக் கையால் அசைத்தாலும் இறுக்கம் தெரியும். சுவிட்ச் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் வழக்கம் வேண்டாம். துறையில் கியர் விடுபடாமல் படகு மேலே போய் மோதும். கேபிள் மாற்றும் வேலையை பெல்லோஸ் வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள், பாதி உழைப்பு மிச்சம்.

கேள்வி: எல்லாம் முடிந்தபின் எந்த பெயின்ட் அடிக்கலாம்? ஆனோடு எது?
– மிசிசாகா வாசகர்

பதில்: தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயின்ட்டை அலுமினிய டிரைவில் அடிக்கவே கூடாது. தாமிரம் தண்ணீரில் அலுமினியத்தை அரித்துத் தின்னும். வெள்ளைப் பொடி படிந்த இடங்களைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே அலுமினியத்துக்கான பிரைமர் அடித்து, அதன்மேல் டிரைவ் பெயின்ட் அடியுங்கள். டிரைவுக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகத் துண்டுதான் ஆனோடு; அதன்மேல் பெயின்ட் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஏரித் தண்ணீருக்கு மக்னீசியம், உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்துக்கு அலுமினியம், கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம். ஏரியில் துத்தநாகம் போட்டால் மேலே ஓடு கட்டி வேலை செய்யாமல் நின்றுவிடும். ஆனோடு பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு வருடமாகியும் கரையவே இல்லையென்றால் மகிழாதீர்கள்: உலோகத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ஆனோடு உட்காரும் இடத்தின் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டரால் சோதியுங்கள்.

கேள்வி: பனிக்காலத்துக்கு டிரைவைத் தூக்கி வைப்பதா, இறக்கி வைப்பதா?
– பிரம்டன் வாசகர்

பதில்: இறக்கி வையுங்கள். தூக்கி வைத்தால் பெல்லோஸ் 6 மாதம் மடங்கியபடியே நின்று அந்த மடிப்பில் வெடிக்கும். இறக்கினால் டிரைவுக்குள் நிற்கும் தண்ணீரும் தானே வடிந்துவிடும். டிரெய்லரில் சாலையில் போகும்போது மட்டும் தூக்கி, தாங்கு கட்டை கொடுங்கள்.