ஹெச்-இண்டெக்ஸும் சித்தப்பாவின் ஹெர்னியாவும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஊர் காவேரிப்பட்டினம். என் மகன் எம்.எஸ். முடித்துவிட்டு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறான். கைராசிக்காரன் என்று பெயர். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது சோர்ந்து போயிருந்தான். கூடப் படித்தவர் ஒருவர் சென்னையில் பெரிய மருத்துவமனையில் இருக்கிறாராம். எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதை வைத்துப் போடுகிற ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண் அவருக்கு 14, இவனுக்கு 2. பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிப் பேப்பர் கேட்கிறார்கள். பணம் கட்டினால் பத்தே நாளில் பிரசுரம் என்று ஏதோ ஒரு ஜர்னலிலிருந்து இவனுக்கு மின்னஞ்சல் வருகிறது. "நான் அறுத்துக் குணமானவங்களை யாருப்பா எண்ணுறாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் டாக்டர் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். கத்தி பிடிக்கிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் குணப்படுத்தியவர்களை யாரும் எண்ணுவதில்லை. அவரும் எண்ணியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்படி நினைக்கக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் சித்தப்பாவுக்குப் பென்னாகரம் பக்கத்தில் கொஞ்சம் நிலம். மூட்டை தூக்கித் தூக்கி ஹெர்னியா (குடலிறக்கம்) வந்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் (பெயர் எதற்கு?) அறுத்துத் தைத்தார்கள். தையல் பிரிக்கப் போன அன்று டாக்டருக்கு ஒரு கூடை சீத்தாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி புடைத்தது. வெட்கமோ கோபமோ, பழைய டாக்டரிடம் போகாமல் சேலத்துக்குப் போனார். முதலில் அறுத்தவருக்கு அது இன்றுவரை தெரியாது. சித்தப்பாவைப் பற்றி அவருக்கு ஞாபகம் ஏதாவது இருந்தால், அது சீத்தாப்பழமாகத்தான் இருக்கும்.

நாம் கைராசி என்று சொல்வது பழக்கூடையோடு திரும்பி வந்தவர்களை வைத்துத்தான். வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிற வேலைக்குத்தான் ஒரு சர்ஜன் விஷயத்தில் ஆராய்ச்சி என்று பெயர். மற்றதெல்லாம் அப்புறம்.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் தியோடர் கோகர் என்று ஒரு சர்ஜன் இருந்தார். தைராய்டு வீங்கிக் கழுத்தில் கழலை தொங்குகிறவர்கள் அந்த மலைநாட்டில் அதிகம். அந்த அறுவையில் ரத்தம் போயே பலர் செத்துக்கொண்டிருந்த காலத்தில், கோகர் நிதானமாக, ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, சுரப்பியை முழுசாக எடுத்துவிடுவார். நோயாளி பிழைத்து, நன்றி சொல்லி வீட்டுக்குப் போவார். நம் கணக்கில் இதற்கு மேல் என்ன கைராசி வேண்டும்? ஆனால் அவர் அறுத்த ஒரு சிறுமி வரவர மந்தமாகிக்கொண்டு வருகிறாள் என்று இன்னொரு மருத்துவர் மூலம் தெரிய வந்தது. கோகர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுசாக இழந்தவர்களில் பெரும்பாலோர் முகம் ஊதி, பேச்சும் புத்தியும் மந்தமாகியிருந்தார்கள். சிறுவயதில் அறுக்கப்பட்டவர்கள் வளரவே இல்லை. 1883-இல் ஜெர்மன் சர்ஜன்களின் மாநாட்டில் எழுந்து நின்று, என் அறுவையால் வந்த கேடு இது என்று அவரே அறிவித்தார். அதற்குப் பிறகு சுரப்பியில் கொஞ்சம் விட்டுவைத்தே அறுத்தார். தைராய்டு எதற்காக இருக்கிறது என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டதில் இந்தக் கணக்கெடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சர்ஜன் ஒருவர் அதைப் பெற்றது அதுதான் முதல் தடவை.

சரி, ஹெச்-இண்டெக்ஸுக்கு வருவோம். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு இது. உங்கள் ஊர்க்காரருக்கு மாந்தோப்பை வைத்தே சொல்லிவிடலாம். தோப்பில் குறைந்தது பத்துக் காய் பிடித்த மரங்கள் பத்து இருந்தால் உங்கள் எண் 10. பதினான்கு வேண்டுமென்றால், தலா பதினான்கு காயாவது பிடித்த மரம் பதினான்கு வேண்டும். மரம் என்பது கட்டுரை, காய் என்பது அதை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய தடவை. ஒரே மரத்தில் ஆயிரம் காய் பிடித்திருந்து மற்ற மரங்கள் மொட்டையாக இருந்தால் எண் 1. காய் மல்கோவாவா, கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராவா என்று இந்தக் கணக்கு பார்க்காது. "இந்தக் கட்டுரை சொல்வது தப்பு" என்று எழுதினால் அதுவும் ஒரு காய்தான். ஆள் அதிகமாக எழுதுகிற துறையில் காயும் அதிகம் பிடிக்கும். புற்றுநோய்ப் பிரிவில் ஆராய்ச்சிக் குழுவோடு இருப்பவரையும், இரவெல்லாம் கேஷுவாலிட்டியில் நிற்பவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அபத்தம். உங்கள் மகன் அந்த 14-ஐ நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இதையே சாக்காக வைத்து, எழுதாமல் இருப்பதும் சரியில்லை. நம் நாட்டில் பிரச்சினை அந்தப் பக்கம்தான் பெரிது. சமிரன் நுண்டி என்ற டெல்லி சர்ஜனும் உடன் இருந்தவர்களும் 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005 முதல் 2014 வரை 579 இந்திய மருத்துவ நிறுவனங்களிலிருந்து என்ன வந்தது என்று தேடியதில், 332 இடங்களிலிருந்து பத்து வருஷத்தில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. அந்த இடங்களிலும் தினம் அறுவை நடந்திருக்கும், யாருக்கோ மறுபடி புடைத்திருக்கும். அது எங்கேயும் பதிவாகவில்லை.

பெரிய கருவி, பெரிய ஊர் இருந்தால்தான் ஆராய்ச்சி என்பார்கள். மகாராஷ்டிரத்தில் தொண்டாய்ச்சா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற கிராமத்து சர்ஜன், ஹெர்னியாவில் வைத்துத் தைக்கிற மெஷ் என்கிற வலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று பார்த்தார். கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, அதையே வைத்துத் தைத்தார். அத்தோடு விட்டிருந்தால் அந்த ஊர்க் கைராசிக் கதையாக முடிந்திருக்கும். அவரும் மற்ற ஊர்களில் இருந்த சர்ஜன்களும் சேர்ந்து நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2003-இல் இந்திய அறுவை சிகிச்சை இதழில் எழுதினார்கள். அதற்கப்புறம் உகாண்டாவில் வேறு ஆராய்ச்சியாளர்கள் சுமார் 300 ஆண்களிடம் கொசுவலையையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து, கொசுவலை வைத்தவர்களில் ஒருவருக்குத்தான் மறுபடி வந்திருந்தது. மற்ற பக்கத்தில் யாருக்கும் வரவில்லை. பெரிய வித்தியாசம் இல்லை. 2016-இல் இது உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு முதல் தடவை மெஷ் வைக்கவில்லை, செலவு அதிகம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இன்னொன்றும் உங்கள் மகனுக்குப் பிடிக்கலாம். அறுவைத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிற கட்டுரைகளில் ஒன்று 2004-இல் சூரிச்சிலிருந்து வந்தது. புது அறுவை எதுவும் அதில் இல்லை. அறுவைக்குப் பிறகு வருகிற சிக்கல்களைத் தரம் பிரிப்பது எப்படி என்பதுதான் விஷயம், அதை 6336 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் சின்னதா பெரிதா என்பதை சர்ஜன் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. மருந்தோடு சரியானதா, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்களா, ஐ.சி.யூ.வுக்குப் போனதா, ஆள் போய்விட்டாரா என்று பார்த்துத் தரம் போட வேண்டும். நம்மூர் வார்டிலும் ஒரு நோட்டு இருந்தால் செய்துவிடலாம்.

பணம் கேட்கிற ஜர்னல் விஷயம். நல்ல இதழ்கள் சிலவும் பிரசுரக் கட்டணம் வாங்குகின்றன, அது வேறு. பத்து நாளில் போட்டுத் தருகிறோம் என்றால் யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். கட்ட வேண்டாம்.

பதவி உயர்வுக்குப் பேப்பர் கேட்பதை நானும் நீங்களும் மாற்ற முடியாது. எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கையில் இருப்பதை எழுதட்டும். அவர் வார்டில் ஹெர்னியா அறுத்துக்கொண்டவர்களின் செல்பேசி எண்கள் கேஸ் ஷீட்டில் இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் அறுத்தவர்களை ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வீதம் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பாதி எண்கள் மாறியிருக்கும், அதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலை விபத்துக் கேஸ்கள். தொப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்கள் எத்தனை மணிக்கு அடிபட்டார்கள், எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தார்கள், உள்ளே என்ன கிழிந்திருந்தது என்று மூன்று வருஷம் குறித்து வைத்தால், அதை வேறு சர்ஜன்கள் மேற்கோள் காட்டாமல் போகலாம். சாலை போடுகிறவர்களும் ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர்களும் படிப்பார்கள்.

ஹெர்னியாக் கணக்கை அவர் எடுத்தால் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் காட்ட வேண்டும்.