டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 'டொமெஸ்டிக்' என்பவர் யார், அவர் ஏன் தன் வெற்றிக்காக ஓட்டுவதில்லை?

அணித் தலைவரை ஜெயிக்க வைக்கவே சைக்கிள் ஓட்டுபவர்தான் டொமெஸ்டிக். ஓர் அணிக்கு 8 பேர், 21 கட்டங்கள் (நாளுக்கு ஓர் ஓட்டம்), மொத்த நேரம் குறைவாக எடுத்த ஒருவருக்கே வெற்றியாளரின் மஞ்சள் சட்டை. எல்லாவற்றுக்கும் காரணம் காற்று. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது நண்பரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டிப் பாருங்கள், கால் சட்டென்று லேசாகும். தலைவர் அப்படித்தான் மூன்று வாரமும் தெம்பைச் சேமித்து, மலையேற்றத்தில் மொத்தமாக இறக்குகிறார். அதுவரை முன்னால் காற்றைத் தாங்குவதும், அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிச் சட்டை முதுகில் திணித்துக்கொண்டு (எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி) விரட்டி வந்து கொடுப்பதும், தலைவருக்கு டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றித் தருவதும் இவர் வேலை. அப்படியென்றால் திறமை குறைந்தவரா? இல்லவே இல்லை, பல வருடம் மலைகளில் மற்றவர்களுக்காக உழைத்த டொமெஸ்டிக் செப் குஸ் 2023-இல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டா எஸ்பானியாவையே வென்றார்.