புத்தர் இருந்தாரா? தில்லித் தமிழ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆர்.கே. புரம்: புத்தர் வாழ்ந்த காலத்துச் சான்று ஒன்றாவது உண்டா?

கிடையாது. ஆனால் இது அவருக்கு மட்டும் வந்த குறை இல்லை. அவரை ஆதரித்ததாகச் சொல்லப்படும் மகத அரசன் பிம்பிசாரனுக்கும் அவன் காலத்துக் கல்வெட்டு இல்லை. வடக்கே காலத்தை உறுதியாகச் சொல்லிப் படிக்கக்கூடிய கல்வெட்டு வரிசை அசோகனில்தான் தொடங்குகிறது. (கீழடிக் கீறல்களை இங்கே இழுக்காதீர்கள், அது தனிப் பஞ்சாயத்து.) ஆகவே, சமகாலச் சான்று இல்லை என்பதை மட்டும் வைத்து ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கரோல் பாக்: நேபாளத்தில் உள்ள லும்பினித் தூணில் அசோகனே வெட்டி வைத்திருக்கிறானே, அது போதாதா?

மொத்தம் ஐந்து வரி. இரண்டாவது வரியில் "ஹித புதே ஜாதே ஸக்யமுனீதி", அதாவது "சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார் என்று". முடிசூடி இருபதாம் ஆண்டில் அசோகன் நேரில் வந்து வணங்கினான், தூண் நட்டான், ஊருக்குப் பலி என்ற வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று ஆக்கினான். இதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட வாசிப்பு.

அசோகன் காலத்தில் ஜனங்கள் அந்த இடத்தைப் பிறந்த இடம் என்று நம்பினார்கள் என்பது இதனால் உறுதி. அதற்கு மேல் இந்தக் கல்லால் பாரம் சுமக்க முடியாது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே உள்ள நிகாலி சாகர் தூணைப் பாருங்கள். அதில் இதே அசோகன், பதினான்காம் ஆண்டில் கோனாகமன புத்தரின் தூபத்தை (ஸ்தூபியை) இரண்டு மடங்காகப் பெரிதாக்கியதாகச் சொல்கிறான். கோனாகமனர் யார்? மனிதர்கள் 30,000 ஆண்டு வாழ்ந்த காலத்தில் தோன்றியவர் என்று பாலி மரபு சொல்லும் முந்தைய புத்தர். லும்பினித் தூணை வைத்துச் சாக்கியமுனியை நிரூபித்தால், அதே கணக்கில் கோனாகமனரையும் ஒப்புக்கொள்ள வேண்டி வரும். தூணைக் காட்டி வாதம் செய்பவர்கள் வழக்கமாக வழுக்குவது இங்கேதான்.

முனிர்கா: லும்பினிக் கல்வெட்டே மோசடி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

1896 டிசம்பரில் அதை வெளியுலகுக்குச் சொன்ன தொல்லியல் அதிகாரி ஃபியூரர் மோசடிக்காரர்தான், சந்தேகமே வேண்டாம். பர்மியப் பிக்கு ஒருவருக்குப் புத்தரின் எச்சம் என்று போலித் தாதுக்கள் கொடுத்து மாட்டிக்கொண்டார், 1898இல் வேலையும் போயிற்று. ஆனால் எழுத்து மண்ணுக்கு அடியில் இருந்தது. தோண்டியவர்கள் நேபாளத் தளபதி கட்க ஷம்ஷேரின் ஆட்கள். மேலும் மூன்றாவது வரியில் "ஸிலா விகடபீ" என்று ஒரு தொடர் வருகிறது. கல் மதில் என்பார் ஒருவர், குதிரைச் சிலை என்பார் இன்னொருவர், தகராறு இன்னும் தீரவில்லை. பொய்க் கல்வெட்டு வெட்டுகிறவன் யாருக்கும் புரியாத சொல்லை எதற்காகப் போடப் போகிறான்?

மயூர் விஹார்: ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தின் பிப்ரஹவா எலும்புகளை டி.என்.ஏ. பார்த்தால் முடிந்ததே?

எதோடு ஒப்பிடுவது? அவருடையது என்று உறுதியான இன்னொரு எலும்பு வேண்டுமே. தவிர, இரண்டு கண்டெடுப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 1898இல் பெப்பே என்ற வெள்ளைக்கார எஸ்டேட்காரர் உத்தரப் பிரதேசத்துப் பிப்ரஹவா தூபத்தில் தோண்டியெடுத்த ஜாடியில்தான் எழுத்து இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகள் சயாம் அரசருக்குப் போயின. அருங்காட்சியகத்தில் உள்ளவை 1970களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் கே.எம். ஸ்ரீவாஸ்தவா அதே தூபத்தில் இன்னும் ஆழத்தில் கண்ட பேழைகளிலிருந்து வந்தவை. ஜாடியின் எழுத்திலும் சிக்கல் உண்டு. "ஸலில நிதனே புதஸ பகவதே ஸகியானம்" என்பதைச் சாக்கியர்கள் (புத்தரின் குலத்தார்) வைத்த புத்தரின் தாது என்று பெரும்பாலோர் படிக்கிறார்கள். புத்தரின் உறவினர்களுடைய எலும்பு என்று கல்வெட்டறிஞர் ஃபிளீட் படித்தார்.

லோதி காலனி: தில்லியில் நேரில் பார்க்க ஏதாவது?

அசோகன் சாசனம் வெட்டிய, 1966இல் கண்டுபிடித்த பஹாபூர்ப் பாறை, கால்காஜி கோயில் பக்கம். வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள், உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டரை ஆண்டுக்கு மேலாக உபாசகனாக (துறவியாகாத பௌத்தனாக) இருக்கிறேன் என்கிறான் அதில் அசோகன். ஃபிரோஸ் ஷா கோட்லா தூணின் ஏழாம் சாசனத்தில் பௌத்த சங்கம், பிராமணர், ஆஜீவகத் துறவிகள், நிர்க்கிரந்தர் (சமணர்) எல்லாம் வரிசையாக வருகிறார்கள். நிறுவனரைவிட நிறுவனத்துக்குத்தான் சான்று பலமாக இருக்கிறது.

துவாரகா: பிறகு புத்தர் இறந்தது கி.மு. 544, 486, 368 என்று தேதிகள் எப்படி வந்தன?

எல்லாம் பின்னோக்கிக் கழித்த கணக்கு. அசோகனின் 13ஆம் பாறைச் சாசனம் ஐந்து கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்கிறது. அவர்கள் காலம் தெரியும் என்பதால் அவன் முடிசூட்டு கி.மு. 268 வாக்கில் என்று வருகிறது. பரிநிர்வாணத்துக்கும் (புத்தரின் மறைவுக்கும்) முடிசூட்டுக்கும் இடையே 218 ஆண்டு என்கிறது இலங்கை மரபு: 486. நூறுதான் என்கிறது வட இந்தியப் பௌத்த மரபு: 368. நூறு என்பது உருட்டிச் சொன்ன எண் மாதிரி இருக்கிறது. 218ம் அப்படியொன்றும் சுத்தமில்லை. 544 இலங்கையின் புத்த ஆண்டுக் கணக்கு, அசோகன் தேதியோடு பொருந்தாது.

ஜனக்புரி: சரி, உங்கள் முடிவு என்ன?

ஆள் இருந்தார், வாழ்க்கைக் கதையில் பெரும்பகுதி பின்னால் சேர்ந்தது. 2017இல் பௌத்த ஆய்வாளர் டேவிட் ட்ரூஸ், சரித்திர மனிதர் என்று கொள்ளவே ஆதாரமில்லை என்று எழுதினார். அசோகன் கல்வெட்டு எதிலும் கௌதமன், சித்தார்த்தன் என்ற பெயர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் பாலி நூலான மகாபரிநிப்பாண சுத்தத்தைப் பாருங்கள். சுந்தன் என்ற கொல்லன் வீட்டில் சாப்பிட்டு, ரத்தபேதியில் அவதிப்பட்டு, குசிநாராவில் சாகப் படுக்கிறார். இந்தக் குக்கிராமத்திலா, சம்பா, ராஜகிருகம், சாவத்தி போல ஒரு பெரிய ஊரில் கூடாதா என்று சீடர் ஆனந்தர் கெஞ்சுகிறார். உடனே நூல், இது முன்னொரு காலத்தில் குசாவதி என்ற மாநகரம் என்று சமாதானம் சொல்கிறது. கற்பனைதான் என்றால் சாவத்தியிலேயே சாகவிட்டிருக்கலாம்.

பட்பர்கஞ்ச்: மணிமேகலையில் புத்தர் தோன்றும் ஆண்டே இருக்கிறதாமே?

இருக்கிறது. "ஈரெண்ணூற்றோடு ஈரெட்டாண்டில்" என்றால் 1616. எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்று மட்டும் சாத்தனார் சொல்லவில்லை.