இரண்டு வெள்ளாறுகள்

அன்புள்ள ஐயா,

'வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல்' என்று செட்டிநாட்டுக்கு எல்லை சொல்வார் எங்கள் அப்பத்தா. சிதம்பரத்தில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, புவனகிரிக்கு அருகே 'வெள்ளாறு' என்ற பலகையைக் கண்டேன். அவ்வளவு வடக்கிலா இருந்தது நம் எல்லை?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்டது வேறு வெள்ளாறு. அப்பத்தா சொன்ன ஆற்றைப் பலமுறை கடந்திருப்பீர்கள். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகும்போது, திருமயம் தாண்டி, புதுக்கோட்டை வருவதற்குச் சற்று முன் அதன் பாலம் வரும். பெரும்பாலும் மணலாகவே கிடப்பதால் ஆறு என்று மனத்தில் பதிந்திருக்காது. மணமேல்குடிப் பக்கம் கடலைச் சேரும் இந்தத் தென்வெள்ளாற்றைத்தான் சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக மரபு சொல்கிறது. அப்பத்தாவின் வாய்ப்பாட்டில் இருப்பது அந்தப் பழைய எல்லைக்கோடுதான். ஊருணி நீரை நம்பி வாழ்ந்த நமக்கு ஆறு என்பது தண்ணீராக அல்லாமல் எல்லையாகவே நினைவில் தங்கியிருப்பதில் வியப்பில்லை.

சிதம்பரத்துக்கு வடக்கே ஓடுவது, ஆத்தூர் வழியே வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடிப் பெருகிப் பரங்கிப்பேட்டையில் கடலடையும் வடவெள்ளாறு. ('சுவேதம்' என்றாலும் வெண்மைதான்.) அதன் முகத்துவாரத்தில், கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நம்மவர் கட்டிய கல்விக்கூடம் அந்த வெள்ளாற்றங்கரைவரை போய்விட்டதால், குழப்பம் உங்களோடு நிற்காது என்றே நினைக்கிறேன்.

ஆற்றுக்குப் பெயரிட்டவர்கள் அதன் கரையில் இருந்தவர்கள். நூறு கல் தள்ளி இன்னொரு வெள்ளாறு ஓடுவது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. வளைந்து நெளிந்து போனால் பாம்பாறு. நம் பக்கத்தில் ஒன்று, ஊத்தங்கரையில் ஒன்று, மறையூர்ப் பக்கம் கிழக்கே ஓடி அமராவதியில் கலப்பது இன்னொன்று.

மணிமுத்தாற்றில்தான் அதிகம் இடறுகிறோம். சிவகங்கைச் சீமையில் ஒரு மணிமுத்தாறு உண்டு. தாமிரபரணியில் கலப்பது, அணை கட்டப்பட்டது, நெல்லைச் சீமையினது. சுந்தரர் பொன்னை இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் மணிமுத்தாறோ விருத்தாசலத்தில் ஓடுவது. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்னும் பேச்சுக்கு இக்கதையையே காட்டுவார்கள். நெல்லை அணைக்கரையில் நின்று சுந்தரர் பொன் இட்ட இடம் இதுவே என்று சொல்பவர், ஆற்றையே மாற்றித் தேடுகிறார். பழைய ஏட்டிலோ கல்வெட்டிலோ ஆற்றுப் பெயர் வந்தால், உடன் வரும் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகே எந்த ஆறு என்று முடிவு செய்வது என் வழக்கம்.

அடுத்த முறை திருச்சி போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் தண்ணீரும் கண்ணில் படலாம்.