சோம்பேறிக் கண்ணா, மழுங்கிய பார்வையா?

கேள்வி: என் ஐந்து வயது மகனின் கண் பரிசோதனைச் சீட்டில் ‘ஆம்ப்ளியோப்பியா’ என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால் ‘சோம்பேறிக் கண்’ என்றார்கள். அவனுக்கு மாறுகண் இல்லையே! இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

பதில்: முதலில் அந்தச் ‘சோம்பேறி’யை விட்டுவிடுங்கள். குழந்தையின் காதில் விழும்படி சொல்லவே வேண்டாம். மூலச் சொல்லில் அப்படி ஒரு பழி கிடையாது.

ஆம்ப்ளியோப்பியா கிரேக்கச் சொல். ‘அம்ப்ளுஸ்’ என்றால் மழுங்கிய, கூர் போன. ‘ஓப்ஸ்’ என்றால் கண், பார்வை. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியலில் விரிகோணத்துக்கும் இதே அம்ப்ளுஸ்தான். முனை கூராக இல்லாத கோணம் அல்லவா! மயோப்பியா என்கிற கிட்டப்பார்வையின் வாலும் இதே ‘ஓப்ஸ்’தான். நம் மொழியிலும் கத்தி மழுங்கும், புத்தி மழுங்கும். ஆகவே ‘மழுங்கிய பார்வை’ என்றால் அர்த்தம் அப்படியே வந்துவிடுகிறது. பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூலில், முதியவர்களுக்கு வரும் தொல்லைகளின் வரிசையில், காது மந்தத்தோடு இந்தச் சொல்லும் இருக்கிறது. அன்று பொதுவாகப் பார்வை மங்கலைக் குறித்தது, இன்று பெரும்பாலும் சிறு வயதில் பார்வை சரியாக வளராமல் போவதைக் குறிக்கிறது.

மாறுகண் வேறு. அதற்கு ‘ஸ்ட்ராபிஸ்மஸ்’ என்று தனிப் பெயர் உண்டு. மாறுகண்ணால் ஆம்ப்ளியோப்பியா வரலாம். ஆனால் பார்க்க நேராக இருக்கும் கண்ணிலும் வரும். ஒரு கண்ணுக்குப் பவர் அதிகம், மற்றதற்குக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். பிறவிக் கண்புரையாலும் இப்படி ஆவதுண்டு. ஹ்யூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்தபோது கண்ணில் பெரிய கோளாறு இல்லை. மூளையின் செல்கள்தான் அந்தக் கண்ணுக்குப் பதில் தரவில்லை. 1981-இல் அவர்கள் பெற்ற நோபல் பரிசின் பின்னணியில் இந்த ஆய்வும் உண்டு.

நல்ல கண்ணை மூடுவது இதனால்தான். ஒதுக்கப்பட்ட கண்ணை மூளை பயன்படுத்தியே ஆகவேண்டும். முதலில் சரியான கண்ணாடி; சில வாரங்கள் அதை விடாமல் போட்டாலே பார்வை கொஞ்சம் தேறும். அப்புறம் பேட்ச், அதாவது நல்ல கண்ணை மூடும் ஒட்டுத்துண்டு. நடுத்தரக் குறைபாட்டுக்குப் பல நேரம் தினம் 2 மணி நேரம் போதும்; உங்கள் மகனுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். பேட்ச் ஒத்துவராத சில குழந்தைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கவைப்பார்கள்.

பேட்சைக் கண்ணாடியில் ஒட்டாமல் தோலில் ஒட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் குழந்தை தலையைச் சாய்த்து ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். முதல் நாள் அழுவான், பிய்த்து எறிவான். அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள். அவனுக்கு நன்றாகத் தெரிகிற கண்ணையல்லவா மூடியிருக்கிறீர்கள்? அந்த நேரத்தில் புள்ளிகளை இணைத்து வரைவது, வண்ணம் தீட்டுவது என்று உட்காரவையுங்கள்.

ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். பிறகும் முன்னேற்றம் வரலாம், ஆனால் காத்திருக்காதீர்கள். மறுபரிசோதனைத் தேதியையும் தவறவிடாதீர்கள். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணும் மழுங்கக்கூடும்.